பார்ட்டி இறங்க மாட்டேங்குது

"பார்ட்டி இறங்க மாட்டேங்குது சாமி" என்றார் தரகர் நூர் முஹம்மது.

பஞ்சாபகேசனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரெல்லாம் இறங்கியிருக்குங்காணும்! நெல் இறங்கியாச்சு, எண்ணெய் இறங்கியாச்சு, எங்க ஆபீஸ்ல சம்பளம்கூட இறங்கியாச்சு. உம்ம பார்ட்டி மட்டும் என்ன, கோயில் துவஜஸ்தம்பமா?"

"நான் இன்னா சாமி செய்யறது? போன வருசம் சொன்ன வெலயத்தான் இந்த வருசமும் சொல்லுது. கம்முனு ஒக்காந்துகினு கீது."

இருவரும் மாம்பலத்தில், பனகல் பார்க்குக்குப் பின்னால், ஒரு மூலை மனையில் நின்றுகொண்டிருந்தார்கள். கிழக்குப் பார்த்த மனை. ஓரத்தில் ஒரு புங்க மரம். அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீடுகள் எழும்பியிருந்தன. பஞ்சாபகேசன் அந்தப் புங்க மர நிழலில் மனசுக்குள்ளேயே கூடம் கட்டி, சமையலறை கட்டி, கிணற்றுக்கு ராட்டினமும் போட்டு முடித்திருந்தார். பார்ட்டி இறங்குவது ஒன்றுதான் பாக்கி.

"பார்ட்டி யாரு? நானே நேரே பேசறேன்."

"அது மட்டும் கேக்காதீங்க. பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. நானே நடுவுல ஒரு ஆள் மூலமாத்தான் பேசறேன்."

மனை விலை இறங்கும் என்று பஞ்சாபகேசன் சொல்ல ஆரம்பித்து எட்டு வருஷமாகிறது. ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் மனை போட்ட புதிதில், அவர் மனைவி விசாலாக்ஷி, "எல்லாரும் ஒண்ணு வாங்கிப் போடறா. நாமும் வாங்கிடலாமே" என்றாள்.

"ஏரிக்குள்ளே குடியிருக்க நான் என்ன தவளையா? பேசாம இரு. அடுத்த வருஷம் விலை விழும்."

அடுத்த வருஷம் விலை ஏறியது. "ஏறினது இறங்கித்தான் ஆகணும்" என்றார். அதற்கடுத்த வருஷம் ரோடு போட்டார்கள், மறுபடி ஏறியது. அப்புறம் விளக்குக் கம்பம், அப்புறம் பார்க். ஒவ்வொரு சித்திரைக்கும் விலை ஒரு படி ஏற, ஒவ்வொரு சித்திரைக்கும் பஞ்சாபகேசன் லஸ் டிராம் நிறுத்தத்தில் நின்று, வரும் வருஷம் கட்டாயம் விழும் என்று தம்முடைய சொந்தப் பஞ்சாங்கத்தைப் படித்தார். மூன்றாவது வருஷத்தோடு விசாலாக்ஷி கேட்பதை நிறுத்திவிட்டாள். புத்தி வந்துவிட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இதற்கிடையில் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகை மட்டும் வருஷா வருஷம் தவறாமல் ஏறியது. நாலு குடித்தனத்துக்கு ஒரே கிணறு. தாம்புக்கயிற்றுக்கு விசாலாக்ஷி விடியற்காலையில் முறை காத்து நிற்பாள். முறை தவறிப்போன நாளில், பக்கத்துக் குடித்தனத்தாளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு பாதிக் குடத்தோடு திரும்புவாள்.

கடைசியில், உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. சீமையிலிருந்து செட்டிநாடு வரை ஜனங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாம்பலத்தில் மனை விலை சரிந்தது. அந்த மந்தத்தைக் கண்டு மனம் குளிர்ந்த ஒரே குமாஸ்தா பஞ்சாபகேசன்தான். சம்பளத்தில் வெட்டு விழுந்ததைக்கூட, தம் வாக்குப் பலித்ததற்குக் கொடுத்த தட்சிணையாக எடுத்துக்கொண்டார். மனையை வாங்கி, பத்திரத்தை விசாலாக்ஷியின் முன்னால் போட்டு, "பார்த்தாயா, நான் சொன்னது நடந்ததா இல்லையா?" என்று கேட்க வேண்டும். அதுவரை அவளுக்கு மூச்சுக்கூட விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்.

ஆனால் ஊரே சரிந்தும் இந்த மூலை மனைக்காரன் அசையவில்லை. அசையாதவனை அசைக்க ஒரே வழி பயம்தான் என்று பஞ்சாபகேசனுக்குப் பட்டது.

மறுநாள் காலை டிராமில், வக்கீல் குமாஸ்தா அனந்தராமன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. தண்டோராவுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே வித்தியாசம்.

"ஓய், சங்கதி தெரியுமோ? மாம்பலத்திலே, பார்க்குக்குப் பின்னாலே, அடியிலே ஊத்துக்கண் திறந்துண்டுடுத்தாம். ஏரி மறுபடி வரதாம்."

"அடடா! யார் சொன்னா?"

"இன்ஜினீயர் ஒருத்தர். பேர் வேண்டாம். அந்த மூலை மனை இருக்கே, புங்க மரத்து மனை, அதுலதான் முதல்லே ஊறறதாம்."

பாரீஸ் கார்னர் வருவதற்குள் டிராமின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மாம்பலத்துக்காக 'த்சு' கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் சொல்லாத வதந்திக்கு வலு ஏது? ராத்திரி சாப்பிடும்போது விசாலாக்ஷியிடமும் அதையே சொன்னார். அவள் கோயிலில் நாலு பேரிடம் சொன்னால் நல்லதுதானே?

சாதம் போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"நிஜமாவா?"

"நிஜமாவாவா! வீடு கட்டினவனெல்லாம் தோணி வாங்கணும். எட்டு வருஷம் முன்னாடியே சொன்னேனே, கேட்டியோ?"

"எந்த மனைன்னு சொன்னேள்?"

"புங்க மரத்து மூலை மனை. அதை வச்சிண்டிருக்கற பிரகஸ்பதி யாரோ, அவன் கதி அதோகதி."

"நன்னாத் தெரிஞ்சுண்டுதான் சொல்றேளா? வேற யாரையாவது விசாரிச்சுப் பார்க்கப்படாதா?"

"நான் சொல்றது பொய்யா? எனக்கு மனை விஷயம் தெரியாதா?"

அவள் முகம் வெளிறிப்போனதைக் கண்டு பஞ்சாபகேசனுக்குப் பரம திருப்தி. சொந்தப் பெண்டாட்டியே இப்படி நம்பும்போது ஊர் நம்பாமல் எங்கே போகும்? அந்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். விசாலாக்ஷி கழுத்தில் ஒற்றைச் சங்கிலியோடு, சோர்ந்த முகத்தோடு கிளம்பினாள். "நகையெல்லாம் எங்கே?" என்றார். "எங்கண்ணா கிச்சாவாத்துப் பெட்டியிலே பத்திரமா இருக்கு" என்றாள். திருட்டுப் பயம் உள்ள நாளில் அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மாம்பலம் போனார்.

"பார்ட்டி கொஞ்சம் ஆடுது சாமி" என்றார் நூர் முஹம்மது. "எவனோ ஒரு கஸ்மாலம், தண்ணி ஊறுதுன்னு புரளி கெளப்பி உட்டுக்கீறான். அவன் வாயில மண்ணு உழ!"

பஞ்சாபகேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்ப, இறங்கறதா?"

"கொஞ்சம் எறங்கிச்சு. இப்ப முடிச்சுக்கங்க."

முடித்திருக்கலாம். ஆனால் எட்டு வருஷம் காத்தவருக்கு இன்னும் கொஞ்சம் காத்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் டிராமில் ஊற்றோடு பாம்புப் புற்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு மறுநாள், அது பழைய காலத்துச் சுடுகாடு என்று அனந்தராமனே தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து அவரிடமே திருப்பிச் சொன்னார்.

அந்தத் தெருவில் வீடு கட்டிக் குடியிருந்தவர் ஒருவர், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. பஞ்சாபகேசனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. நாளைக்குப் பத்திரம் பதிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டு, கடன் மனுவோடு ஆபீஸ் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசி ரங்கைய நாயுடுவிடம் போனார்.

நாயுடு மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மாம்பலம் மனைக்குக் கடன் இல்லேங்க. கமிட்டி நேத்துத்தான் தீர்மானம் போட்டுது."

"ஏன்?"

"தண்ணி ஊறுதாமே? பாம்பு வேற. முழுகிப்போற நிலத்து மேல சங்கத்துப் பணத்தப் போடலாமா?"

"சுத்தப் பொய்! எந்த மடையன் சொன்னான்?"

நாயுடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொன்னீங்கன்னுதான் அனந்தராமன் சொன்னாரு. உங்க மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க சொன்னா, நாங்க நம்பாம இருக்கலாமா?"

பஞ்சாபகேசன் அன்றே அனந்தராமனைப் பிடித்தார்.

"ஓய், அந்த ஊத்து விஷயம் தப்பாம். நான் நன்னா விசாரிச்சுட்டேன். மாம்பலம் மாதிரி பூமி மெட்ராஸிலேயே கிடையாது."

அனந்தராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தரகன் எவ்வளவு கொடுத்தான்?"

"சிவ சிவா! வேணும்னா நேரே வந்து பாரும். நாயுடுவையும் அழைச்சுண்டு வாரும். ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மூவரும் போய்ச் சேர்ந்தபோது தெருவே காணவில்லை. புங்க மரம் முழங்கால் வரை தண்ணீரில் நின்றது. தவளைகள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன.

"இது மழைத் தண்ணி ஓய்! அடியிலே நிலம் கெட்டி, பாரும்" என்று பஞ்சாபகேசன் வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். நாலாவது அடியில் சேறு அவரை இடுப்பு வரைக்கும் வாங்கிக்கொண்டது. நாயுடுவும் அனந்தராமனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். ஒரு செருப்பு மாம்பலத்துக்கே சொந்தமாயிற்று.

"நீங்க இல்லேன்னதும் நான் பொய்யின்னு நெனச்சேன்" என்றார் நாயுடு. "ஏரியேதாங்க."

பஞ்சாபகேசன் சேற்று வேஷ்டியோடு வீடு வந்தார். விசாலாக்ஷி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"என்ன இது கோலம்? எங்கே போயிருந்தேள்?"

"மாம்பலத்துக்கு. ஆபீஸ்காராளோட சும்மா பார்க்கப் போனேன்."

"தண்ணி..."

"பார்த்தாத் தெரியலையா? என்னையே முழுங்கப் பாத்துது!"

அவள் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, "கிச்சாவாத்துக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சங்கம் கைவிட்டால் என்ன? பஞ்சாபகேசன் பிராவிடெண்ட் பணத்தில் கடன் எழுதினார். கைக்கடிகாரத்தை விற்றார். தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டினார். பார்ட்டி முதலில் கேட்ட விலையையே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து மாம்பலத்துக்கு ஓடினார். தண்ணீர் வடிந்து, புங்க மரத்தடி காய்ந்திருந்தது. இரண்டு வண்டி செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சி போச்சே சாமி!" என்றார் நூர் முஹம்மது. "முந்தாநேத்து ரிஜிஸ்தர் ஆயிடுச்சு. கொத்தவால் சாவடி எண்ணெய்க் கடைக்காரரு ஒருத்தரு வாங்கிட்டாரு."

"அவருக்குத் தண்ணி ஊறற விஷயம் தெரியாதா?"

"சொன்னேனே! 'தண்ணி ஊறுதா? அப்ப கெணறு வெட்டற செலவு மிச்சம்'னு சிரிக்கறாரு."

"என்ன விலைக்கு?"

தரகர் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஏரியாக இருந்து மனையான அன்று, விற்ற விலையிலும் பாதி.

"பார்ட்டி பயந்து போயிடுச்சு சாமி. வந்த வெலைக்குத் தள்ளிவுடுன்னு ஒரே கண்ணீராம். மின்சார ரயிலு வந்தாச்சு, அடுத்த வருசம் வெல ரெட்டிப்பாவும், பொறுங்கன்னு தலபாடா அடிச்சிகினேன். கேக்கல."

அன்று ராத்திரி பஞ்சாபகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. இலையில் கோலம் போட்டபடி, யாருக்கோ நடந்த கதை போல மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"மாம்பலத்திலே ஒருத்தன், அந்த மூலை மனையைப் பாதி விலைக்கு வித்துட்டானாம். ஊத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மழைத் தண்ணி, நாலு நாள்ல வடிஞ்சுடுத்து. இத்தனை வருஷம் கட்டிக் காத்துட்டு, எவனோ உளறினதைக் கேட்டு வித்திருக்கான் பார், அவனைப் போல அசடு இந்த மெட்ராஸிலே உண்டா?"

விசாலாக்ஷி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊத்து இல்லையா?"

"இல்லவே இல்லை."

"பாவம், நம்பத் தகுந்தவான்னு நினைச்சு நம்பியிருப்பா."

"யாரை நம்பினா என்ன? நம்பினது முட்டாள்தனம்தானே?"

"ஆமாம்" என்றாள் விசாலாக்ஷி. "நம்பினது முட்டாள்தனம்தான்." எழுந்து போய்ச் சமையலறை விளக்கைத் தணித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பஞ்சாபகேசன் போய்த் திறந்தார். கையில் குடையும் ஒரு காகிதமுமாக நூர் முஹம்மது நின்றுகொண்டிருந்தார்.

"அட, சாமியா! நீங்களும் இந்த வூட்டுலதான் குடித்தனமா? தெரியாமப் போச்சே!"

பஞ்சாபகேசன் உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கூடவே ஒரு நப்பாசையும் எழுந்தது. எண்ணெய்க் கடைக்காரர் மனம் மாறிவிட்டாரோ? தரகரைக் கையைப் பிடித்து நடைக்குள் இழுத்தார்.

"மெதுவாப் பேசும் ஓய்! உள்ளே காதிலே விழுந்துடப் போறது. என்ன, மனை திரும்ப வரதா?"

"அது ஏன் வருது? ஒரு கையெழுத்து வுட்டுப்போச்சு. எப்பவும் நடுவுல பேசற ஆளு ஊர்ல இல்ல, அதான் வெலாசம் விசாரிச்சிகினு நானே வந்துட்டேன்."

"யார் கையெழுத்து?"

நூர் முஹம்மது காகிதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"மனைய வித்த பார்ட்டி இந்த வூட்டுலதான் கீது சாமி. விசாலாக்ஷின்னு ஒரு அம்மா, கொஞ்சம் கூப்புடுங்க. ஆனா மெதுவா, அவங்க வூட்டுக்காரரு காதுல மட்டும் உழக் கூடாதாம்!"