'ஆள் தேவை' பலகையும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரரை நம்பி ஒரு கடையை ஒப்படைக்கலாம். மாநாட்டு மேசையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. இதை எழுதும்போதுகூட பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புனேயில் வாகட் என்கிற பகுதி. இங்கே முப்பது மாடி கட்டுவார்கள், நீச்சல்குளம் கட்டுவார்கள், குழாயைத் திறந்தால் காற்று வரும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, டேங்கர் எப்போது வரும் என்று போனில் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை எங்கள் சொசைட்டிக்காக, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புக்காக எழுதினேன். பெயர் 'தொட்டி'. அதை ஓப்பன் சோர்ஸாக விட்டேன். அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. ("அப்ப கடையைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறதாட்டமா புள்ள?" என்றார் வீட்டுக்காரர்.)

எடுத்துக்கொள்ள ஊர்ப்பட்ட பேர் வந்தார்கள். திருத்த ஒருத்தரும் வரவில்லை. ஆபீஸ் முடிந்து, சமையலையும் முடித்துவிட்டு உட்கார்ந்தால், முகம் தெரியாத யாரோ "உங்கள் மென்பொருளால் நான் இன்று குளிக்கவில்லை" என்று திட்டி எழுதியிருப்பார். நீ என்ன எனக்குச் சம்பளமா கொடுக்கிறாய் என்று வாய் வரை வரும். "மன்னிக்கவும், பார்க்கிறேன்" என்று பதில் போடுவேன். ஒரு கட்டத்தில் உடம்பும் மனசும் சலித்துவிட்டது. அப்போதுதான் புனேயின் இன்னொரு மூலையில், கராடியில், ஒரு தொழில்நுட்ப மாநாட்டில் எங்களுக்கு மேசையும், மேடையில் கொஞ்ச நேரமும் கொடுத்தார்கள். அங்கே கூட வேலை செய்ய ஒரே ஒரு ஆள் கிடைத்தால் தொடர்வது, இல்லாவிட்டால் தொட்டியை இழுத்து மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மேசைக்கு இரண்டு பேர் வேண்டுமாம். திட்டத்தில் இருப்பதோ நான் ஒருத்தி. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். பெயர் செந்தில். கோயமுத்தூர் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றுக்குப் புனேயில் விற்பனை பார்க்கிறார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் ரம்மி. யார் எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா", அதாவது ஆயிடும் என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர்.

மேசைக்குப் பின்னால் நான்தான் நிற்கிறேன். என் டீ-ஷர்ட்டில் 'தொட்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வருகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "சார், இது எப்படி வேலை செய்யுது?" என்கிறார்கள். நான் விளக்கினால் அவரைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். ஒருவர் என்னிடமும் பேசினார், குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று. காதெல்லாம் சூடாகிவிட்டது.

மேடையில் லேப்டாப்பை மாட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "ஏனுங்க, பேனரைப் புடிச்சுட்டு நில்லுங்க, போதும். வேலை செய்ய வர்றேன்னு யாராச்சும் சொன்னா பேரும் நம்பரும் வாங்கி வையுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் மேசையைச் சுற்றிக் கூட்டம். எனக்குச் சந்தோஷம் வேறு (பைத்தியக்காரி). நடுவில் செந்தில்.

"சார், மராட்டியில வருமா?"

"ஹோ ஜாயேகா."

"தண்ணி தீர்ந்தா டேங்கர்காரருக்குத் தானா போன் போகுமா?"

"அடுத்த வாரம் ஹோ ஜாயேகா."

"தண்ணியில எவ்வளவு உப்புன்னு காட்டுமா?"

"அதுவும்தான் சார்."

நான் ஒரு வருஷம் லீவு போட்டு உட்கார்ந்தாலும் முடியாத வேலையை அந்த மனுஷர் அடுத்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதோடு, முன்னால் நான் வைத்திருந்த 'கூட வேலை செய்ய ஆள் தேவை' பலகையைக் காணோம். தேடினால் மேசைக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. அதன்மேல் சாப்பாட்டுப் பை.

"இதை எதுக்குங்க எடுத்தீங்க?"

"ஆளில்லைன்னு எவனாச்சும் கடை வாசல்ல எழுதிப் போடுவானா? நொடிச்சுப் போச்சுன்னு நினைக்க மாட்டாங்க?"

"சரி, வேலை செய்ய யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு புள்ள வந்துச்சு. இதுல என்னென்ன குறை இருக்கு, நான் சரி பண்ணித் தர்றேன்னுச்சு. நம்ம சரக்குல குறையே இல்லம்மா, எல்லாம் பக்காவா முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், பாராட்டுக்காக. அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏதோ பேசி முடித்தேன். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த செந்திலைப் பார்த்து, "சார், மராட்டி அடுத்த வாரம் நிச்சயம்தானே?" என்றார். செந்தில் வாயைத் திறந்தார்.

அவ்வளவுதான். கையில் மைக் இருந்தது. தமிழில் திட்டினால் புனேயில் எவனுக்குப் புரியப்போகிறது என்ற தைரியமும் இருந்தது.

"ஏனுங்க, பேனரைப் புடிக்கச் சொன்னனா, பேசச் சொன்னனுங்களா? முதுகு ஒடிய எழுதறவ நானு, அடுத்த வாரம் ஆயிடும்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க? சரக்குல குறை இல்லீங்களா? குறையைத் தவிர இதுல ஒண்ணுமே இல்லீங்க. ஆள் கிடைக்கலைன்னா மூடிட்டுப் போலாம்னு நான் வந்திருக்கறேன், வந்த ஒரே புள்ளையையும் தொரத்தி உட்டுப்போட்டு இளிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க. இன்னொரு ஹோ ஜாயேகா வந்துச்சு, ஹிஞ்சவடி டிராபிக்ல இறக்கி உட்டுட்டுப் போயிருவனுங்க." (கொலைவெறியிலும் எங்கள் பக்கத்து வாயில் 'ங்க' நிற்காது.)

பாதி அரங்கம் வெடித்துச் சிரித்தது. கராடி கம்பெனிகளில் நம்மூர் ஆட்கள் கொட்டிக் கிடப்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்க்க, மீதிப் பாதியும் சிரித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசி வரிசையில் ஒரு மராட்டிப் பெண் எழுந்தாள். செந்தில் துரத்திய அதே பெண். பெயர் கேதகி.

"மேடம், இதுல நிஜமாவே குறை இருக்கா?" என்றாள் ஹிந்தியில்.

"நிறைய இருக்கு."

"அப்படீன்னா நான் வர்றேன்."

வந்தாள். தொட்டியை மூடவில்லை. வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அன்று செந்தில் கொடுத்த வாக்குகளை எல்லாம் தேடிப் பிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று இணையத்தில் இருக்கும் தொட்டியின் வேலைப் பட்டியலில் ஏற்றி, ஒவ்வொன்றின்மேலும் 'செந்தில்' என்று லேபிள் ஒட்டியதுதான். இப்போது எங்கள் சொந்தத்தில் முடியாத வேலை எதுவானாலும், மச்சான் பாதியில் விட்ட மாடியறை உட்பட, செந்தில் லேபிள்தான். தொட்டியிலோ, நான் பார்த்தே இராத நாடுகளில் இருந்தெல்லாம் யார் யாரோ உட்கார்ந்து அந்த லேபிள் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷர் எங்கள் பெரிய மாமாவிடம் சொல்கிறார்: "எம் பேர்ல உலகம் பூரா வேலை நடக்குது மாமா."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.