காட்டிக் கொடுத்த காது

கல்யாணமான புதிதில் நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். என் காதுக்கு.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் மிஷின் நின்றதும் மொட்டை மாடியில் எங்கள் கூட்டம். மை கழுவாத கையோடு ஆளுக்கொரு தம்ளர். என்ன சிரிப்பு, என்ன பாட்டு! அதெல்லாம் இப்போது எந்த மாடியில் கேட்கிறதோ. மச்சான், அதாவது என்னோடு எழுத்துக் கோக்கிற என் பெண்டாட்டியின் அண்ணன், நாலு தம்ளர் போட்டாலும் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். எனக்கு ஒரு வாய்தான். முகம் பழுத்த தக்காளி. காது ரெண்டும் அடுப்புக் கங்கு.

“என்னங்க, மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு?”

“வெயிலும்மா.”

“சனிக்கிழமைன்னா மட்டும் ஏழு மணிக்கு மேல வெயிலடிக்குதோ?”

இப்படியே போனால் மாடிக் கூட்டத்துக்கு மங்களம்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வைத்தியப் புத்தகம் அச்சுக்கு வந்தது. பாதித் தாள் எனக்கு, பாதி மச்சானுக்கு. என் பாதியின் கடைசி வரி: “சிலருக்கு முகம் சிவப்பது பரம்பரை.” ஆகா! எங்கப்பாவுக்கும் அப்படித்தானே! ஈய எழுத்திலேயே வார்த்த சாட்சி. மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

“டாக்டர், முகம் சிவக்கிறது பரம்பரைதானே? இவகிட்ட சொல்லுங்க.”

“பரம்பரையேதான்.”

மீசையை முறுக்கினேன். அவர் நிறுத்தினால்தானே!

“உடம்புக்குள்ள ரெண்டு வேலைக்காரங்கன்னு வச்சுக்கம்மா. முதல் ஆள் சாராயத்தை உடைச்சு விஷமாக்குவான். அடுத்தவன் அந்த விஷத்தைக் கூட்டித் தள்ளணும். இவர் வம்சத்துல அடுத்தவன் சோம்பேறி. விஷம் தேங்கி மூஞ்சி சிவக்குது. இவருக்குக் குடி ஆகவே ஆகாது.”

அவள் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

“அப்போ இந்தச் சிவப்பு குடிக்காம வராதுங்களா?”

“வராதும்மா. ஆனா ஒரு வாய் போதும், காட்டிக் கொடுத்துடும்.”

‘குடித்தால்’ என்ற சமாசாரம் முழுக்க மச்சான் கோத்த பாதியில் இருந்திருக்கிறது.

தெருவில் இறங்கியதும் பூகம்பத்தை எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அழகான சிரிப்பு.

“சனிக்கிழமை தாராளமா போயிட்டு வாங்க.”

“நிஜமாவா? கோபமில்லையா?”

“எனக்கென்ன கோபம்? இனிமே வாயை ஊதச் சொல்ல வேண்டாம், சட்டையை மோந்து பாக்க வேண்டாம். மாமனாரே உங்க மூஞ்சியில காவலுக்கு நிக்கிறாரே!”

அந்தச் சனிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடி ஏறினேன். ஒரு சோடா குடித்துவிட்டு இறங்கினேன்.