வாசலை அடைத்த லோரி

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றபோது அம்சவள்ளி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வெளியே ஓடினாள். மகள் விஷாலினியைப் பெண் பார்க்க ரவாங்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். லோரியிலிருந்து இறங்கியவரோ உமாபதி, விஷாலினியின் முன்னாள் மாமனார்.

இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் விவாகரத்துகூட இல்லை. கோலசிலாங்கூர் கோயிலில் அத்தனை பேர் முன்னால், "குடும்பம் நடத்தத் தெரியாத பொண்ணு" என்று உமாபதி விட்ட ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை அம்சவள்ளி இருக்கும் ஈஜோக் வரைக்கும் வந்து, விசாரித்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பியது. இந்த வரன் மட்டும் தானாக வந்திருக்கிறது. யாரோ தெரிந்தவர் சொன்னாராம். யார் என்று அம்சவள்ளி கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்?

"சம்பந்திம்மா, கல்யாணத்துக்கு நீங்க குடுத்த குத்துவிளக்கு எங்க வீட்டுலயே கெடந்துச்சி. குடுத்துட்டுப் போலாம்னு..."

"அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. விளக்க வச்சிட்டு லோரிய எடுங்க."

லோரி ஓட்டுகிறவர் தேய்த்த வேட்டியில் ஏன் வந்திருக்கிறார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. உமாபதி லோரியைப் பின்னால் நகர்த்தினார். கிடைத்த வழியில் மாப்பிள்ளை வீட்டுக் கார் நேராகக் காம்பவுண்டுக்குள் நுழைந்தது. உமாபதி மறுபடி முன்னால் நகர்த்தினார். கேட்டுக்கு நேரே வந்ததும் லோரி இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது.

"பேட்டரி போச்சுலா," என்றார்.

போக வேண்டியவர் போகவில்லை, வந்தவர்களும் இனிப் போக முடியாது. காரிலிருந்து மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அப்பா சிவானந்தம், அத்தை நாகமணி மூவரும் இறங்கினார்கள். அந்த வீட்டில் பேச்சு முழுவதும் நாகமணியின் பொறுப்பு போலிருக்கிறது. சிவானந்தம் வணக்கம் சொன்னதோடு வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே வந்தவர்களுக்குச் சூடாகத் தே கலக்கிக் கொடுத்த விஷாலினி, வேறு வழியில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட உமாபதிக்கும் வழக்கம் மறக்காமல் ஒரு குவளை, சீனி இல்லாமல், கொண்டுவந்து வைத்தாள். அதைக் கவனித்த நாகமணி இவர் யார் என்று கேட்டாள்.

லோரிக்காரர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெற்றிலைத் தட்டை வாங்கத் தாய்மாமன் வேண்டும். செகிஞ்சானிலிருந்து வர வேண்டிய அண்ணன் செல்லனை இன்னும் காணோம். அம்சவள்ளியின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"எங்க அண்ணன். பொண்ணுக்குத் தாய்மாமன்."

சிவானந்தத்துக்குப் புரை ஏறியது. விஷாலினி அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"தாய்மாமனையே கேக்கிறேன்," என்றாள் நாகமணி. "மொத கல்யாணம் ஏன் நெலைக்கல? பொண்ணு மேல எதும் குத்தமா?"

 இந்தக் கேள்விக்கு அம்சவள்ளி பதில் தயாராக வைத்திருந்தாள். கேள்வி போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

உமாபதி குவளையைக் கீழே வைத்தார்.

"பொண்ணு சொக்கத் தங்கங்க. அந்த வீட்டு மாமனாரு லோரியிலருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சி கெடந்தாரு. பெத்த மவன் எட்டிப் பாக்கல. இந்தப் பொண்ணுதான் கஞ்சி வச்சி ஊட்டுச்சி. அப்பறம் பிரச்சினன்னு வந்தப்ப, அந்தாளு மவன விட்டுக்குடுக்க முடியாம, கோயில்ல வச்சி இந்தப் பொண்ணையே தப்பாப் பேசிட்டான்."

"அப்படியுமா ஒரு மனுசன் இருப்பான்?"

"ரொம்ப மோசமான ஆளுங்க. அன்னியிலருந்து அவனுக்கே தூக்கம் இல்லன்னு கேள்வி."

அம்சவள்ளி சடக்கென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். வரும்போது இப்படி வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரித் தட்டைத் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது வாசலில் செல்லன் நின்றார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் பூ. ஒரு வீட்டில் இரண்டு தாய்மாமன் இருந்தால் தப்பில்லை. ஆனால் இவர் வாயைத் திறந்தால் உமாபதி யார் என்று சொல்லிவிடுவார். கோயில் சண்டையில் முன்வரிசையில் நின்றவர் ஆயிற்றே.

"மெக்கானிக் வந்துட்டாரு," என்றாள் அம்சவள்ளி, அண்ணனை வெளியே தள்ளிக்கொண்டே.

பட்டு வேட்டியில் மெக்கானிக்கா என்று நாகமணி வியந்தாள்.

"பக்திமானுங்க," என்றார் உமாபதி.

வெளியே தங்கை காதோடு கெஞ்சியதில், செல்லன் பல்லைக் கடித்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி லோரிக்கு அடியில் குனிந்தார். அவர் ஸ்பேனரால் இரும்பைத் தட்டிய சத்தத்தில் கோபம் நன்றாகவே கேட்டது.

உள்ளே எல்லாம் நல்லபடியாக நடந்தது. பையனும் விஷாலினியும் தனியாகப் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நாகமணிக்குத் திருப்தி. சிவானந்தம் வெற்றிலைத் தட்டை எடுத்து உமாபதியிடம் நீட்டினார்.

உமாபதியின் கை நீளவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். கையெல்லாம் கிரீஸோடு நின்ற செல்லனைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"இவருதான் தாய்மாமன். தட்டு விசயத்துல பொய் வேணாம். நான்தான் அந்த மோசமான ஆளு."

நாகமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் அம்சவள்ளி. ஆனால் தலைகுனிந்து நின்ற அந்த ஆளைப் பார்க்கையில் ஏனோ கோபம் வரவில்லை.

"பொய் சொன்னது நான்தாங்க," என்றாள். "இவரு எங்க சம்பந்தி. நல்ல மனுசன். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

 சிவானந்தம் தட்டைச் செல்லன் பக்கம் திருப்பினார். செல்லனின் விரல்கள் வெற்றிலையில் கறுப்பாகப் பதிந்தன. பெரியவர் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று அம்சவள்ளிக்கு விளங்கவில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்ளவும் அவள் தயாராக இல்லை.

எல்லோரும் புறப்பட்டார்கள். உமாபதி லோரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். போன பேட்டரி எப்படித் திரும்பி வந்ததோ, லோரி உடனே கிளம்பியது.

வழியனுப்ப அம்சவள்ளி காரின் பக்கத்திலேயே நின்றாள். சிவானந்தம் கண்ணாடியை இறக்கி, லோரிச் சத்தத்தை மீறி உரக்கச் சொன்னார்:

"உமாபதி அண்ணே, இந்தப் பொண்ண எங்களுக்குச் சொன்னதே நீங்கதான்னு கடைசி வரைக்கும் நான் வாயத் தொறக்கவே இல்ல, பாத்தீங்கள்ல?"