ஒன்றரை அடி உயர்ந்த பாத்ரூம்

ஒரு நாட்டின் பெருமையைக் கோட்டை கொத்தளங்களை வைத்து அளந்தது அந்தக் காலம். ஒரு குடும்பத்தின் பெருமையை அதன் பாத்ரூமை வைத்தே அளக்க வேண்டும் என்ற பேருண்மை, 1994-ஆம் ஆண்டு, சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறிகளுக்கு அதிபதியான குமாரசாமிக்கு விளங்கியது.

தொடக்கம் எளிமையானது. அவர் மனைவி சுப்பாத்தாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "குத்தவெச்சு உக்காரவே கூடாதுங்கம்மா" என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக் கக்கூஸோ பின்புறத்துக் கொல்லையான பொடக்காளியில், குத்தவைத்தே உட்கார வேண்டிய வகை. மனைவிமேல் உயிரையே வைத்திருந்த குமாரசாமி, படுக்கையறையை ஒட்டி நாலடிக்கு ஆறடியில், நாற்காலிபோல் உட்காரும் கம்மோடு வைத்து ஒரு பாத்ரூம் கட்ட அன்றே தீர்மானித்தார். "பட்ஜெட்" குறிக்கப்பட்டது. அதைத் தாண்டி ஒரு ரூபாயும் போகாது என்பது கொள்கை.

இதற்கென ஒரு கட்டிடக் குழு அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குமாரசாமியே ஆனதால் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. சுப்பாத்தாள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

கொத்தனார் சின்னான் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, தண்ணி ஓட்டம் பத்தாதுங்க. ஆசாரத்துத் தரையை ஒடச்சு, ஆழமாக் குழி எடுத்துக் குழாய் பதிக்கோணுமுங்க. நாலு நாள் வேலை சேத்தியாகுமுங்க."

குழு அவசரமாகக் கூடிக் கலைந்தது.

"ஏப்பா, குழாயைக் கீழ எறக்கறதுக்குப் பதிலா பாத்ரூமை மேல தூக்கிப்போட்டா?"

"தூக்கலாமுங்க. ஒண்ணரை அடி தூக்கோணும். நடுவுல படி வெச்சா கதவு தொறக்காதுங்க. அம்மிணி எப்படிங்க ஏறுவாங்க?"

"அதெல்லாம் பழகிக்குவா. ஒசரத்துல இருந்தாத்தான்ப்பா எதுக்கும் மரியாதை."

"புடிச்சு ஏற ஒரு கம்பியாச்சும்..."

"பட்ஜெட்ல இல்லியே சின்னான்."

இப்படி மிச்சமான தொகை வீணாகவில்லை. மகள் மோகனப்பிரியாவைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி வீட்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்திருந்தது. எனவே பாத்ரூமின் "நோக்கம்" சற்றே விரிவுபடுத்தப்பட்டது. கூரை வரைக்கும் ரோஸ் கலர் டைல்ஸ், முட்டை வடிவக் கண்ணாடி, டெலிபோன் மாதிரி கையில் எடுத்துப் பிடிக்கும் ஷவர் எல்லாம் வந்து சேர்ந்தன.

பதினோராம் நாள் வேலை முடிந்தது. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். சுப்பாத்தாள் வலது காலைத் தூக்கினாள். கால் பாதி உயரம் போய்த் திரும்பி வந்தது.

"முடியலீங்க."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். மனசு வெய்யி."

முட்டியில் இல்லாததை மனசில் வைத்து, மகள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, அவள் ஏறிவிட்டாள். இறங்கத்தான் அரை மணி நேரமாயிற்று. மறுநாள் விடிகாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பொடக்காளிக்கே போய்விட்டாள். நல்லது செய்தால் ஏற்காத மனிதர்களை நினைத்துப் பெருந்தன்மையோடு வருந்திய குமாரசாமி, டைல்ஸில் தூசி படாதிருக்கப் பாத்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் ஓர் "ஒழுங்கீனம்" நடந்தது. மறந்து விட்டுப்போன பூச்சுக் கரண்டியை எடுக்க வந்த சின்னான், சுப்பாத்தாள் சுவரோடு சுவராக வருவதைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்து, உடைந்த செங்கல்லையும் மிச்சச் சிமெண்டையும் வைத்துப் பழைய கக்கூஸில் குழியைச் சுற்றி நாற்காலி உயரத்துக்கு ஒரு திண்டு எழுப்பி, உடம்பில் உறுத்தாமல் வழவழவென்று பூசினார். மிஞ்சிய குழாய்த் துண்டைக் கைக்கு எட்டும் இடத்தில் சுவரில் பதித்தார்.

குமாரசாமி விசாரணை நடத்தினார்.

"யாரைக் கேட்டுப்பா செஞ்சே? கூலி எத்தனை?"

"கூலியெல்லாம் வேண்டாமுங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்கு, மேல இருக்கறவரு குடுப்பாருங்க."

குழுவின் முன்அனுமதி பெறாத கட்டுமானம் என்றாலும், செலவு இல்லாததால் அது மன்னிக்கப்பட்டது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பழனாத்தாள் கனத்த சரீரம். பஸ் பயணத்தில் அவசரம் வேறு. குமாரசாமிக்கு அந்தப் புனித வேளை வந்துவிட்டது. பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். ரோஸ் நிறம் ஜொலித்தது.

பழனாத்தாள் அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இது மருதமலையாட்ட இருக்குதுங்க. எனக்கு முட்டி சரியில்லீங்களே. வேற எடம் இல்லீங்களா?"

சுப்பாத்தாள் தன் முட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துப் பொடக்காளிக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது அந்தம்மாள் முகம் தெளிந்திருந்தது. ஆசாரத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் சொன்னார்:

"கட்டுனா அப்படிக் கட்டோணுமுங்க! திண்டு எத்தனை பதம், புடிக்கறதுக்குக் குழாய் சரியாக் கைக்கு எட்டுது. சம்சாரத்து முட்டிமேல இத்தனை அக்கறை இருக்கற மனுசன் ஊட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க."

குமாரசாமி அடக்கத்தோடு கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

காப்பித் தட்டோடு வந்த சுப்பாத்தாள், மரியாதை குறையாமல் சொன்னாள்: "அது, பதினோரு நாள் வேலைக்கு வந்தவரு எனக்காகக் கட்டுனதுங்க. இருவத்தாறு வருசம் கூடவே இருக்கறவரு எனக்காகக் கட்டுனதுலதானுங்க, நீங்க ஏற முடியலேன்னீங்க."