முதலில் மெக்கானிக் ஏறுவார்

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. சேர்றியா, சேரலையா? ஒரே வார்த்தையில சொல்லு பாப்பா."

"தெரியலப்பா."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் தெரியலப்பா."

சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில், பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்று நான்கு நாளாகக் கிடந்தது. பத்தாவது முடித்து மேலே போகும் பிள்ளைகளில் கணக்கு நன்றாக வருகிறவர்களுக்கென்று ஒரு சிறப்பு வகுப்பு. மற்றவர்கள் ஒரு வருடத்தில் படிப்பதை நான்கே மாதத்தில் முடித்துவிட்டு, மிச்ச மாதங்களில் கல்லூரிக் கணக்கில் கைவைப்பார்கள். தூக்கமும் விளையாட்டும் கொஞ்சம் குறையும் என்று படிவத்திலேயே பச்சையாகப் போட்டிருந்தது. வகுப்பு தொடங்கிவிட்டாலும், சேர இன்னும் அவகாசம் இருந்தது. 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் நான்கு நாளாக நகரவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். மற்ற விஷயங்களில் மனிதர் எப்படியோ, தொழிலில் ஒரு வைராக்கியம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் முதலில் மெக்கானிக்தான் ஏற வேண்டும். எடைக்கு இரும்புக் கட்டிகளை அடுக்கி, நடுவில் தானும் நின்று, பத்துத் தடவை மேலும் கீழும் போய் வந்த பிறகுதான் மற்றவர்கள் கால் வைக்கலாம். "நான் ஏறாத லிஃப்ட்ல ஒரு பூனைகூட ஏறக் கூடாது" என்பார்.

பூனைக்கே அப்படி என்றால், பெற்ற மகளுக்கு?

"அந்த வகுப்புக் கணக்கெல்லாம் எப்படி இருக்கும்? மாதிரிக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

மகள் பையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து நீட்டினாள். "பதினஞ்சு கணக்குப்பா. போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமாம்."

"நீ போட்டுப் பார்த்தியா?"

"எனக்குப் பூப்பந்துப் பயிற்சி இருக்கேப்பா! தினமும் காலைல போகணும்." மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பறக்கத் தயாராய் நின்றாள்.

"சரி, இங்க வை. முதல்ல நான் ஏறிப் பார்க்கறேன்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவளுக்கு. ஒரு பார்வையிலேயே எது எங்கே போகும் என்று தெரிந்துவிடும்.

"நீங்களா? பத்தாவதோட நின்ன ஆளு நீங்க."

"பத்தாவதுல கணக்குல நான்தான் முதல் ஆளு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். ஆனால் சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் கணக்கே காலை வாரிவிட்டது. ஓர் எண்ணை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. பதினொன்றால் வகுத்தால் மீதி ஐந்து. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது? பார்க்க என்னவோ பால் குடிக்கும் குழந்தை மாதிரிதான் இருந்தது. கிட்டே போனால் கடித்தது. மெக்கானிக் தாளை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார். பிரச்சினை அங்கேதான் பெரிதாயிற்று.

அன்று ஒரு ஆறுமாடிக் கட்டடத்தில் எண்ணெய் போடும் வேலை. மொட்டைமாடி மேலே இயந்திர அறை. மின்சாரத்தை நிறுத்தும் முன் லிஃப்டுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. அன்று மறந்தார். சுவிட்சை இறக்கிவிட்டு, கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து, ஏழோடும் பதினொன்றோடும் மல்லுக்கட்டினார்.

கால் மணி கழித்துத்தான் கீழேயிருந்து வந்த சத்தம் காதில் ஏறியது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அந்தக் கட்டடத்துப் பல் டாக்டர் மாட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அடித்துப் பிடித்து இறங்கிவந்து கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"பயப்படாதீங்க டாக்டர்! ஒரே நிமிஷம்!"

"என்னய்யா பண்ணிட்டிருந்தே மேல?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கணக்குப் போட்டுட்டிருந்தேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

"என்ன கணக்கு?"

மெக்கானிக் சொன்னார்.

"பதினாறு?" என்றது உள்ளிருந்து குரல்.

"ஏழால வகுத்தா மீதி ரெண்டு வருது டாக்டர்."

"அப்ப பதினொண்ணைக் கூட்டு. இருபத்தேழு?"

"மீதி ஆறு."

"இன்னொரு பதினொண்ணு. முப்பத்தெட்டு?"

மெக்கானிக் விரல்விட்டு எண்ணினார். ஏழைந்து முப்பத்தைந்து, மீதி மூன்று! "டாக்டர்! வந்துடுச்சு டாக்டர்!" என்று கூவினார்.

"கணக்கு வந்துடுச்சு, சரி. நான் எப்பய்யா வர்றது? அங்க ஒரு அம்மா வாயைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க!"

கம்பெனியில் ஒரு வாரம் அவரை மேலே ஏற விடாமல், கீழே இருக்கும் பட்டறையில் போட்டார்கள். கஷ்டம் என்றா நினைக்கிறீர்கள்? பட்டறையில் மேசை இருந்தது, விளக்கு இருந்தது, கேட்க ஆளில்லை. ஐந்து நாளில் ஒன்பது கணக்குகள் ஒழிந்தன. பத்தாவதில் வண்டி நின்றது.

மதியம் பள்ளிக்கு போன் போட்டார். கணக்கு வாத்தியார் எடுத்தார்.

"சார், என் பொண்ணுக்கு ஒரு சந்தேகம். அவ கேட்கக் கூச்சப்படறா. அதான் நான்."

"அப்படியா? உங்க பொண்ணுக்கா?" வாத்தியாருக்கு லேசாக இருமல் வந்தது. "சொல்லுங்க சார்."

சந்தேகத்தைத் தீர்த்துவைத்த பிறகு வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். "முதல் கணக்குக்கு முப்பத்தெட்டு சரி. ஆனா அதே மாதிரி அடுத்த எண் எது, அதுக்கு அடுத்தது எது? எல்லாத்தையும் ஒரே வரியில சொல்ல முடியுமான்னு உங்க பொண்ணை யோசிக்கச் சொல்லுங்க" என்றார். "நோட்டையும் குடுத்தனுப்புங்க. பார்க்கறேன்."

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். முப்பத்தெட்டுக்கு அடுத்தது நூற்றுப் பதினைந்து. நடுவில் எழுபத்தேழு. அடுத்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதற்கும் எழுபத்தேழுதான். அட! எழுபத்தேழு என்றால் ஏழும் பதினொன்றும் கைகோத்துக்கொண்டதல்லவா! அது முடிவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும், ஒரு தடவைகூடத் தப்பாது. மெக்கானிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தூசி என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார்.

தூசி இல்லை. பதினாறு வயதில் அவர் பள்ளியிலும் இப்படி ஒரு வகுப்பு இருந்தது. பட்டியலில் முதல் பேர் அவர் பேர். அந்த வாரம் அவருடைய அப்பா படுத்த படுக்கையானார். வீட்டில் அடுத்த ஆண்பிள்ளை இவர்தான். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போய் லிஃப்ட் கம்பெனியில் நின்றார். அதற்கப்புறம் எத்தனையோ கட்டடம். எந்தக் கல்லூரியில் லிஃப்ட் கெட்டாலும், அரை மணி வேலையை அரை நாளாக இழுப்பார். கதவு திறந்திருக்கிற வகுப்பறை பக்கத்திலேயே ஸ்பானரைத் தேடிக்கொண்டிருப்பார். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டை யார் பேரில் கொடுப்பது? மகளிடம் போனார்.

"பாப்பா, இதை உன் கையெழுத்துல எழுதிக் குடேன்."

"ஐயோ, அது பொய்யாயிடும்பா. நீங்க போட்டதை நீங்களே குடுங்க." பென்சில் ஒன்றைக் கூர்மையாகச் சீவி அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேறு வழியில்லாமல் தானே போய்ப் பள்ளி அலுவலகத்தில் நோட்டைக் கொடுத்தார். ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் அம்மாள். அவள் தலைக்கு மேல் அறிவிப்புப் பலகை: குழாயை மூடவும், சைக்கிளை வரிசையாக நிறுத்தவும், மாலை வகுப்புகள் திங்கள் முதல், காணாமல் போன குடை. அம்மாள் அவரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓ, நீங்கதானா அது!"

"எதுங்க?"

"ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லை" என்று முத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

நோட்டு இரண்டாம் நாள் திரும்பி வந்தது. 'யோசனை அருமை. எண்ணெய்க் கறையைத் தவிர்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி, கூடவே இன்னும் பத்துக் கணக்குகள். மெக்கானிக் நோட்டைப் படக்கென்று மூடினார். வாத்தியார் மகளைப் பெரிய மேதை என்று நினைத்துவிட்டார்! நாளைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டால், பிள்ளை விழிக்குமே!

சரி, இந்தத் தடவை தப்பாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். வாத்தியாரே கைகழுவிவிடுவார். பத்தையும் சரியாகப் போட்டு, கடைசி இரண்டின் விடையை மட்டும் மாற்றி எழுதி, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் மகளின் பூப்பந்து மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பயிற்சிக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தப்பு விடை நெஞ்சில் கனக்கிறபோது மட்டையைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

திரும்பும் பஸ்ஸில் மூன்று நிறுத்தம்தான் தாங்கினார். நான்காவதில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

"அம்மா, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க. ரெண்டு விடை தப்பு."

"வாத்தியார் பார்த்துச் சொல்லட்டுமே?"

"இல்லம்மா. தெரிஞ்சே தப்பா எழுதிட்டேன். மனசு கேட்கலை."

ஜன்னலோரம் நின்றபடியே திருத்திக் கொடுத்தார். எழுத்தர் அம்மாள் நோட்டை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தபோது, அவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எதிரே மகள் தாடையைக் கையில் தாங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்கட்டா? படிக்கப் போறது அவளா, நீங்களா?"

பென்சில் நின்றுவிட்டது. விளையாட்டாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

பத்து நாளில் மகள் ஒரு கணக்கைக்கூடத் தொடவில்லை. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒரு கணக்கை என்ன, ஒரு தாளைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. ஆசை இருந்தால் சும்மா இருப்பாளா? இத்தனை நாளும் அவர் ஏற்றிப் பார்த்ததெல்லாம் தன்னுடைய எடையை. தனக்கு அது சுகமாக மேலே போனது. அதை வைத்து மகளை ஏற்றிவிட முடியுமா? தனக்குக் கிடைக்காததைப் பிள்ளை தலையில் கட்டுகிற அப்பனாக ஆகிவிடுவோமோ என்று பயந்தார். மாட்டேன் என்று சொன்னால் அப்பா வாடிப்போவார் என்றுதானே குழந்தை 'தெரியலப்பா', 'தெரியலப்பா' என்று நாளைத் தள்ளியிருக்கிறது!

"பாப்பா, கடைசியாக் கேட்கறேன். மனசைத் தொட்டுச் சொல்லு."

"நாளைக்கு நீங்களே ஆபீஸ்ல போய்க் குடுத்துடுங்கப்பா. நீங்க எழுதறதுதான்" என்றாள். மனைவி சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, உப்பு ஜாடியை நகர்த்திவிட்டுப் படிவத்தை எடுத்தார். 'வேண்டாம்' என்று எழுதினார். நான்கே எழுத்து. எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. கையெழுத்தைப் போட்டு, தாள் கட்டையும் சீவின பென்சிலையும் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். இனி இது வீட்டில் இருந்தால் சும்மா இருக்க மாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

பள்ளி அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்.

"அம்மா, வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதுல இருக்கற கணக்கெல்லாம் நான் போட்டது. என் பொண்ணு ஒண்ணுமே போடலை, அவளை எதுவும் கேட்க வேண்டாம். அவளுக்கு இஷ்டமில்லை, எனக்குத்தான். என்னமோ, பழைய ஆசை, விட்டுத் தொலைய மாட்டேங்குது. மன்னிச்சுக்கங்க."

சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு தடவை தாள் கட்டைப் பார்த்தார். பதினைந்தாவது கணக்கு இன்னும் பாதியில் நின்றது. வெளியே போகத் திரும்பினார்.

"எங்க சார் போறீங்க, நில்லுங்க!" எழுத்தர் அம்மாள் அவருடைய படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, குறுக்கே கிழித்துக் கூடையில் போட்டாள். இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து, மேலே அந்தச் சீவின பென்சிலையே வைத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "உங்க பொண்ணு முதல் நாளே சேர்ந்துட்டா, அவங்கம்மா கையெழுத்து போட்டு. தினமும் காலைல டாண்ணு வந்து முதல் பெஞ்சுல உக்கார்றா. இது பெரியவங்களுக்கான மாலை வகுப்பு ஃபாரம், உங்க பேரு, வயசு, வேலை எல்லாம் அவளே எழுதிட்டா. 'எங்கப்பா முதல்ல ஏறிப் பார்க்காம எதுலயும் கையெழுத்து போட மாட்டாரு, பத்து நாள் பொறுத்துக்கங்க'ன்னு எங்க எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டுப் போயிருக்கா!"