கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டாவது முதல் காட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று அதிர்ச்சி அடைந்துகொண்டிருந்தார்.

முதல் அதிர்ச்சி சரியாக வரவில்லை. பல்வலி மாதிரி இருந்தது. இரண்டாவதில் ஒரு புருவம் மட்டும் ஏறியது. மூன்றாவதுதான் கொஞ்சம் தேறியது. நெஞ்சில் கை வைத்து, வாயைப் பிளந்து, "ஐயையோ! சொந்த அண்ணனே வில்லனா!" என்றார்.

"என்னங்க, உள்ள யார்கூடப் பேசிட்டிருக்கீங்க?"

"பல்லு தேய்க்கிறேன்மா."

"மூணாவது தடவையா?"

நம்மவர் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ரசிகர்கள் 'எரிமலை' என்று பட்டம் கொடுத்துக் கொண்டாடும் நடிகருக்கு இவரும் ரசிகர். சாதாரண ரசிகர் இல்லை. கடைக்கு வருகிறவர் எனக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று கேட்டுவிட்டால் போச்சு. எரிமலை எந்தப் படத்தில் எந்தக் கண்ணாடி போட்டார், எந்தச் சண்டையில் அதைக் கழற்றினார் என்று நம்மவர் ஆரம்பித்துவிடுவார். வந்தவருக்குக் கண் தெளிவதற்குள் காது அடைத்துவிடும். வீட்டுக் கூடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் நிற்கிறது. அதில் எரிமலை பாட்டைப் போட்டால் சமையலறையில் கரண்டிகள் ஆடும்.

மனைவியும் அதே எரிமலைக்குத்தான் ரசிகை. வினையே அங்கேதான். போன படத்தை இவர் தனியாகப் போய்ப் பார்த்ததோடு நிற்காமல், வீட்டுக்கு வந்து கிளைமாக்ஸ் வரைக்கும் நடித்துக் காட்டித் தொலைத்தார். அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு விதி போட்டார்.

"அடுத்த படத்தை முதல் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாக்கணும். மீறினீங்க, ஸ்பீக்கர் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

மச்சானுக்கு அந்த ஸ்பீக்கர் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். வரும்போதெல்லாம் அக்காவிடம் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதன் அகலத்தைச் சாண் போட்டுப் பார்ப்பார்.

புதுப் படம் வெள்ளிக்கிழமை வந்தது. டீச்சருக்கு அன்று பரீட்சை டியூட்டி. ஆகவே ஞாயிறு மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட். நம்மவர் வெள்ளி காலை ஒழுங்காகத்தான் கடையைத் திறந்தார். ஆனால் தியேட்டர் நேர் எதிரே. விசில் சத்தம் கடைக்குள் வந்து ஃபிரேம்களை எல்லாம் அசைத்தது. ஐந்து நிமிடம் தாக்குப் பிடித்தார். பிறகு 'உணவு இடைவேளை' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, பழைய கண் பரிசோதனை அட்டைகளைக் கிழித்த துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். அப்போது மணி ஒன்பதரை.

பார்த்தார். ஆடினார். எரிமலை திரையில் வந்ததும் துண்டுகளை வாரி இறைத்தார். ஆடிய ஆட்டத்தில் ஒற்றைச் செருப்பு எங்கோ பறந்துவிட்டது. படம் முடிந்து, எல்லாரும் போன பிறகும் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தப் புண்ணியத்தில்தான் யாரும் பார்க்காத ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்ததும், செத்துப்போன வில்லன் அரை நிமிடம் கண் திறந்து சிரிக்கிறான்! அந்தப் பரவசத்தில் அவர் நிற்கும்போதே செருப்பும் தானாக வந்ததுபோல் காலடியில் கிடந்தது.

வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னாலேயே மனைவி ஞாபகமும் வந்தது. பாவம், அவள் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். மச்சானின் சாண் கண் முன்னால் வந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் முதல் சறுக்கல். ஷேவ் செய்துகொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தார். படத்தில் திடீரென்று வரட்டும் என்று, முன்கூட்டி வெளியிடாமல் ஒளித்து வைத்திருந்த பாட்டு அது.

"புதுசா இருக்கே, என்ன பாட்டு?"

பிளேடு கன்னத்தில் நின்றது. "அது... நானே போட்டது."

"நீங்களா? மெட்டு பிரமாதமா இருக்கே! இன்னொரு தடவை பாடுங்க."

பாடினார். வேறு வழி? மனைவி சரணத்தையும் கேட்டார். அதையும் பாடினார்.

இப்போது ஞாயிறு மதியம் தியேட்டரில் இருவரும் அருகருகே. நம்மவர் கையில் பாப்கார்ன். எரிமலை வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே விசிலடித்துவிட்டார்.

"இன்னும் வரலையேங்க."

"மனசுக்குத் தோணுச்சு."

காமெடிக்குச் சிரிக்க வேண்டும். முதல் ஜோக்குக்கு முன்னாடியே சிரித்துவிட்டார். அடுத்ததில் உஷாராகி, ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. மெட்டு அதேதான். சரணமும் அதேதான். நம்மவர் சீட்டுக்குள் சரிந்தார்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க, உங்க பாட்டைத் திருடிட்டாங்க!"

"வி... விடும்மா."

"எப்படி விடறது? ராத்திரி பகலா கஷ்டப்பட்டுப் போட்ட மெட்டு!"

அண்ணன் வில்லனாகும் இடம் வந்தது. குளியலறையில் பழகிய மூன்றாவது அதிர்ச்சியை அப்படியே இறக்கினார். நெஞ்சில் கை, வாய் பிளப்பு, ஐயையோ, எல்லாம் சுத்தம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாள் போலிருக்கிறது என்று நம்மவர் தைரியம் அடைந்தார். தப்பித்தோம். ஸ்பீக்கர் தப்பித்தது.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. சனங்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். நம்மவர் எழுந்திருக்கவில்லை. வில்லன் கண் திறப்பதைப் பார்க்காமல் போனால் அவர் என்ன ரசிகர்? பாதிப் பெயர்கள் ஓடிய பிறகுதான் சுரீரென்று உறைத்தது. முதல் தடவை பார்க்கிறவன் எதற்காக உட்கார்ந்திருப்பான்?

மெதுவாகத் தலையைத் திருப்பினார். காலி தியேட்டரில், பக்கத்து சீட்டில், மனைவியும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, மிச்சப் பாப்கார்னை நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன்மா எழுந்திருக்கல?"

"வில்லன் கண்ணைத் திறக்கட்டும், போலாம்."

"நீயும் பாத்துட்டியா! எப்போ?"

"வெள்ளிக்கிழமை காலையில. கேள்வித்தாள் வந்து சேரல, பரீட்சையைத் தள்ளி வச்சுட்டாங்க. உங்களை இழுத்துட்டு முதல் காட்சிக்கே போயிடலாம்னு கடைக்கு ஓடி வந்தேன். ஒன்பதரை மணிக்கு உணவு இடைவேளைன்னு போர்டு தொங்குது. ஒத்தை சீட்டு ஒண்ணு கிடைச்சுது. உங்களுக்குப் பின்னாடி மூணாவது வரிசை. உங்க செருப்பு என் மடியிலதான் வந்து விழுந்துச்சு. நீங்க தேடித் தவிச்சதைப் பாத்துட்டு, பாவம்னு நான்தான் உங்க பக்கமா உருட்டி விட்டேன்."

நம்மவருக்கு ஒரு நொடி திக்கென்றது. மறு நொடி துள்ளினார். "அப்போ நீயும் விதியை மீறிட்ட! கணக்கு சரியாப் போச்சு!"

"எப்படிச் சரியாகும்? முதல் தடவை சேர்ந்து பாக்கணும். நான் உங்ககூட, ஒரே தியேட்டர்ல, ஒரே காட்சியிலதான் பாத்தேன். நீங்கதான் நான் இல்லாம பாத்தீங்க."

அவர் அந்தக் கணக்கை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை. திரையில் வில்லன் கண் திறந்து சிரித்தான். நம்மவரைப் பார்த்தே சிரித்த மாதிரி இருந்தது.

"தப்புதாம்மா," என்றார். இந்தத் தடவை நடிப்பு இல்லை. "என்னைக் கூப்பிட ஓடி வந்தியே, அதை நினைச்சாத்தான்... சரி, உன் தம்பியை வரச் சொல்லு. ஸ்பீக்கரை எடுத்துட்டுப் போகட்டும்."

"நல்லா இருக்கே! அப்புறம் நான் எதுல பாட்டுக் கேக்கறது? அது எங்கயும் போகாது."

இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஸ்பீக்கர் அப்போதுதான் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார். காலி தியேட்டரில் அது நன்றாகவே கேட்டது. சிரிப்புக்கூட வந்தது.

"ஏம்மா, எல்லாம் தெரிஞ்சும் ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு இந்த நடிப்பு கிடைச்சிருக்குமா? அந்த ஐயையோவுக்குச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு." மனைவி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த பாப்கார்னைத் தட்டிவிட்டார். "அடுத்த ஞாயிறு அம்மாவும் தம்பியும் வர்றாங்க, நாலு டிக்கெட் போட்டாச்சு. எதையும் கூட்டாம குறைக்காம இதே மாதிரி செய்ங்க. திரையைப் பாக்காதீங்க, மாப்பிள்ளையைப் பாருங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."