றஹீம் காக்காவின் சாறனுக்குள் நான்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மனைவிக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், வீட்டு மாட்டுக்கும் தெரியும். ஊரில் மற்றவர்கள் அடுத்தவன் கட்டிய மாடி வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், வாங்கிய காரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டது என் சகலன் றஹீம் காக்கா மாடு கறப்பதைப் பார்த்து.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் கல்முனைக்குடியில் பிறந்தவன். எங்கள் வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றுதான், செடி வைப்பதென்றால் வாளியில்தான் வைக்கவேண்டும். அப்படிப்பட்டவன் நஸ்ரினை முடித்து, வயலோரத்தில் இருந்த ஒரு ஏக்கர் வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வளவின் இரண்டு பக்கமும் இரண்டு மகள்மாரின் வீடுகள், நடுவில் மாமியின் வீடு. மாமா மௌத்தாகி வெகுகாலம். மூத்த மகளை முடித்ததால் நான் காக்கா, அதாவது அண்ணன், என்கிற றஹீம் எனக்குப் பத்து வருடம் முந்தியே வந்து வளவைத் தன் கைக்குள் எடுத்திருந்தார். மாடு, ஆடு, கோழி, தாரா, மரக்கறிப் பாத்தி எல்லாம் அவர் பேச்சைத்தான் கேட்கும்.

நான் பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிற ஆசிரியர். (சிரிக்க வேண்டாம், முழுதாகக் கேளுங்கள்.) மாட்டைப் பற்றிப் பரீட்சையில் எந்தக் கேள்வி வந்தாலும் பிழையில்லாமல் எழுதுவேன். மாடு நேரே வந்தால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன்.

அது மாசி மாதம். மாரி மழை ஓய்ந்து, பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து, ஊரே வைக்கோல் மணத்தது. வளவில் முருங்கை பூத்திருந்தது, மா பூத்திருந்தது. ஆடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது, கோழி பதினொரு குஞ்சு பொரித்திருந்தது, சீனி என்கிற எங்கள் பசு முந்தின மாதம்தான் கன்று ஈன்றிருந்தது. வளவிலிருந்த எல்லா உயிரும் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கதிரையில் சாய்ந்திருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

என்னை அதிகம் எரித்தது மாமியின் பேச்சு. எங்கள் ஊர் மாமிமார் மருமகனுக்கு முன்னால் நின்று நேராகக் கதைக்க மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துக்கொண்டு, மகளிடம் சொல்வதுபோல் சொல்வார்கள். நான் மூன்று முழத்தூரத்தில் இருந்தாலும், "சேர் சாப்பிட்டாரா எண்டு கேளு" என்றுதான் வரும். ஆசிரியர் என்பதால் வீட்டிலும் எனக்குச் சேர் என்றுதான் பெயர். எனக்குத் தேநீர் பூப்போட்ட கோப்பையில், தட்டில் வைத்து, நஸ்ரின் கையால் வரும்.

ஆனால் றஹீம் காக்காவோடு மாமி நேராகக் கதைப்பார். தினமும் விடியக்காலை சுபஹ் தொழுத கையோடு தேநீரை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்கே போவார். அவர் குந்தியிருந்து கறக்க, இவர் பின்னால் நின்று கதைக்க, அரை மணித்தியாலம் போகும். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி என்னத்தைத்தான் கதைக்கிறார்கள்? கேட்டு வரச் சொன்னால் நஸ்ரின் போகமாட்டாள். வருகிற போகிற எல்லோரிடமும் மாமி, "மூத்த மருமகன்ட கையில பறக்கத் இரிக்கி" என்பார், அதாவது கைராசிக்காரர். என் கையைப் பற்றி மூன்று வருடத்தில் ஒரு சொல் இல்லை. எனக்கு அந்த ஒரு சொல் வேண்டும். அதற்காக மாட்டின் காலைக் கூடப் பிடிப்பேன் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

என்னிடமும் ஒரு பெருமை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் நானே பாத்தி கட்டி ஐம்பது மிளகாய்க் கன்று நட்டிருந்தேன். ஒன்றும் சாகவில்லை. படம் எடுத்து வகுப்பில் காட்டி, "நடுகை இடைவெளி சரியாக இருந்தால் இப்படித்தான்" என்று மூன்று பாடவேளை பேசினேன். றஹீம் காக்கா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். வாயடைத்துப் போனார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் தென்னங்கன்று எடுக்கக் கோமாரி என்கிற ஊருக்குப் போனார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் வட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "சேர், வாகனம் பழுதாப் பெய்த்து. காலையிலதான் வருவன். உங்கட றாத்தாட ஃபோன் வேல செய்யல்ல. மாமிட்ட சொல்லி முன் வீட்டு ஆளக் கூப்பிட்டு மாட்டக் கறக்கச் சொல்லுங்க."

நான் மாமியிடம் சொல்லவில்லை. றாத்தாவிடம், அதாவது அவர் மனைவியிடம், காக்கா வர நேரமாகும் என்று மட்டும் சொன்னேன். நஸ்ரினிடம்தான் திட்டத்தைச் சொன்னேன்.

"நீங்களா கறக்கப் போறீங்க?" என்றாள்.

"ஓம்."

"சீனி, றஹீம் மச்சானத் தவிர ஆரையும் கிட்ட எடுக்காது."

நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். பால் சுரப்பது ஓமோன் செய்கிற வேலை. பழகின மணம் வந்தால் மாடு பயப்படாது, பயப்படாத மாடு பாலை விடும். ஆகவே றஹீம் காக்காவின் உடுப்பைப் போட்டு, அவர் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு போனால் சீனிக்கு நான்தான் றஹீம். வாளி நிரம்பினதும் துவாயை எடுத்துவிட்டு மாமிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பேன்.

"மாமிக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் இரிக்கி," என்றாள் நஸ்ரின். அவள் சொன்னதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனேன். றஹீம் காக்காவின் வேலைச் சாறனும் சேட்டும் துவாயும் அங்கே ஆணியில் தொங்கும், கழுவுவது எப்போது என்று எனக்குத் தெரியாது. போட்டேன். மணம் மூக்கைத் துளைத்தது. காக்கா ஆள் தாட்டையானவர், அந்தச் சாறனுக்குள் என்னைப்போல் இரண்டு பேர் நிற்கலாம். இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, துவாயைத் தலையில் கட்டிக் கன்னத்துக்கும் இழுத்துவிட்டு, கன்றை ஊட்டவிட்டுப் பிறகு இழுத்துக் கட்டினேன். வாளியோடு குந்தினேன்.

சீனி திரும்பித் துவாயை மோந்து பார்த்தது. பிறகு வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரத்தில் ஒரு பீச்சு வாளியில் விழுந்து சத்தம் கேட்டது பாருங்கள், எனக்குப் பட்டம் வாங்கின அன்றைக்குக் கூட அப்படியொரு சந்தோஷம் வரவில்லை. கால்வாசி வாளி நிறைந்துவிட்டது. றஹீம் காக்கா பதின்மூன்று வருடமாகப் பெரிதுபடுத்தி வைத்திருந்த வித்தை இவ்வளவுதானா என்று மனதுக்குள் இளக்காரமாகச் சிரித்தேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். மாமி.

"மகன், டீய செவத்துக் கட்டில வெச்சிரிக்கன்," என்றார்.

வாளி நிறையவில்லையே என்று தலையை மாட்டின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, "ம்" என்றேன். விடிந்தும் விடியாத வெளிச்சம், தலையில் துவாய், உடம்பில் அவருடைய சாறன். மாமியைக் குறைசொல்ல முடியாது.

"ஒரு விசயம் கதைக்கணும். கோவிக்கப்படா," என்றார். "முந்தாநாள் பாரமீன் தலய சேருக்கு வெச்சதுக்கு நீங்க பாதிச் சோத்தில எழும்பிப் போனீங்களாமே. பெரிய மகள் சொன்னா."

நான் கறப்பதை நிறுத்திவிட்டேன்.

"சேருக்குப் பூக்கோப்பையில டீ, எனக்கு மாட்டுக்கொட்டில்ல டம்ளர்லயா எண்டும் கேட்டீங்களாம். சேர் வந்தா கதிர, நான் வந்தா மம்பட்டியா எண்டும் கேட்டீங்களாம். அவரப் பாத்து நீங்க பொறாமப்படலாமா, மகன்?"

யா அல்லாஹ். றஹீம் காக்காவுக்கு என் மேல் பொறாமை. என் கோப்பை மேல், என் கதிரை மேல் பொறாமை. நான் யன்னலால் இவரைப் பார்த்து எரிந்த நேரமெல்லாம் இவர் கொட்டிலுக்குள் இருந்து என்னைப் பார்த்து எரிந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, துவாயைக் கடித்துக்கொண்டேன். மாமி அத்தோடு நிறுத்தியிருந்தால் என் வாழ்க்கையில் அதுதான் மிகச் சிறந்த காலை.

"அவரு பாவம், மகன்," என்று தொடர்ந்தார். "படிச்ச மனிசன், ஆனா கையில ஒண்டும் வராது. பயத்தங்கொடியக் களையெண்டு புடுங்கிப் போட்டாரே, நான் ஒண்டும் கதைச்சனா? அந்த மிளகாக் கண்டு நட்டாரே, ஒரு கிழமையில எல்லாம் வாடிச் செத்துப் பெய்த்து. மனிசன்ட மனம் ஒடஞ்சிரும் எண்டு, அவரு பள்ளிக்குடம் போற நேரம் பாத்து நானும் சின்ன மகளும் ஒவ்வொண்டாப் புடுங்கிப்போட்டு வேற கண்டு நட்டு வெச்சம். ஐம்பது கண்டு. இடுப்பு ஒடஞ்சிச்சி. அவரு வந்து பாத்துப்போட்டு ஃபோட்டோ எடுக்கிறாரு."

 சின்ன மகள் என்றால் நஸ்ரின். என் நஸ்ரின். நான் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினபோதெல்லாம் அவள் எவ்வளவு நல்லபிள்ளையாகத் தலையாட்டினாள்.

அந்த இடத்தில் மூளையுள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் வேறு யாரோ, அவமானப்பட்ட சேர் வேறு யாரோ என்று இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. முழங்காலில் எழும்பி, வகுப்பறையில் கத்துகிற அதே குரலில், "நாப்பது கண்டாவது தப்பியிருக்கும், மாமி!" என்றேன்.

மாமி "ஆ" என்று ஒரு சத்தம். சீனிக்குத் தெரியாத குரல், அதுவும் வயிற்றுக்குப் பக்கத்தில். அது பின்னங்காலால் விட்ட உதையில் வாளி கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி என் தலையில் விழுந்தது. நான் பின்னால் போய்ச் சாணிக் கிடங்கில் இருந்தேன். கட்டை அறுத்துக்கொண்டு சீனி வெளியே பாய்ந்தது. சாறனின் ஒரு மூலை அதன் காலில் மாட்டியிருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றின சாறன் அல்லவா, சுற்றுக் கழன்று கழன்று நானும் கிடங்கிலிருந்து வெளியே வந்து, அதன் பின்னால் இழுபட்டேன். (உள்ளே களிசான் போட்டிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.) சீனி நேரே மிளகாய்ப் பாத்தியால் போனது. நானும் பாத்தியால் போனேன். ஐம்பதில் எத்தனை மிஞ்சியது என்று பிறகு நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வாகனம் வந்து நின்றது. றஹீம் காக்கா தென்னங்கன்றோடு இறங்கினார். சீனி ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி அவர் கையை நக்கியது. அவர் மாட்டைப் பார்த்தார், மாட்டின் காலில் இருந்த துணியைப் பார்த்தார், துணியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் கிடந்த என்னைப் பார்த்தார்.

"சேர்," என்றார், "இது என்ட சாறனா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமி ஓடிவந்தார். முக்காடு தோளில் கிடந்தது. மூன்று வருடத்தில் முதல்தடவையாக என் முகத்தை நேரே பார்த்து, நடுவில் மகள் இல்லாமல், கதவு இல்லாமல், என்னிடம் கதைத்தார்.

"மகன், அந்தச் சாறன விடுங்க மகன். மாடு திரும்பவும் இழுக்கப் போகுது."

விட்டேன்.

அன்றிலிருந்து மாமி என்னோடு நேராகத்தான் கதைக்கிறார். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். ஆனால் கொட்டிலுக்குள் போவதற்கு முந்தி வாசலில் நின்று, "உள்ளுக்கு ஆரு? முகத்தக் காட்டுங்க" என்கிறார். தினமும் கறக்கிற றஹீம் காக்கா தினமும் எழும்பி முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் நஸ்ரின் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள், வாளி கூரையில் பட்ட சத்தத்தோடு சேர்த்து, மாமி கொட்டிலில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. போன மாதம் மாமியின் தூரத்து உறவுப் பெண் ஒருவர் வந்து, மருமக்கள் எப்படி என்று கேட்டார். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"மூத்தவரு நல்லாக் கறப்பாரு," என்றார் மாமி. "இளையவரு நல்லாக் காது குடுத்துக் கேப்பாரு."

மூன்று வருடம் காத்திருந்த ஒரு சொல். எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டது.

றஹீம் காக்காவுக்கும் அது எட்டியிருக்கிறது. அதிலிருந்து தனியாக அகப்படுகிற நேரமெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்கிறார். "சேர், அண்டைக்குக் கொட்டில்ல மாமி உங்களுக்கிட்ட அரை மணித்தியாலமா என்னதான் கதைச்சா?" (அவர் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் மட்டும்தான் வாசிப்பார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

"ஒண்டுமில்ல காக்கா," என்பேன். "டீ ஆறுது எண்டு சொன்னா."

அவர் நம்புவதில்லை. முகம் வாடி மாட்டுப் பக்கம் போவார், நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.